நான் அழித்த எழுபத்தாறு பக்கங்கள்

கைபேசி அடித்தபோது என் இடது கை புத்தகத்தை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கையில் அழிப்பான். மேசையெல்லாம் கறுப்புச் சுருள்களாகத் துகள் கிடந்தது.

சனிக்கிழமை காலை. பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் என் மனைவி செல்வி கொண்டைக்கடலையைக் குக்கரில் ஏற்றியிருந்தாள். நவராத்திரி வாரம். இன்னும் நான்கு நாளில் சரஸ்வதி பூசை.

அழைத்தவர் குளுவாங்கிலிருந்து ஸ்டெல்லா அக்கா. அங்கே பழைய புத்தகக் கடை வைத்திருப்பவர். அவராக என்னை அழைப்பது வழக்கமில்லை. நான்தான் வாரம் ஒரு முறை அழைத்து, புதிதாகப் பழைய புத்தகம் ஏதாவது வந்ததா என்று அவர் உயிரை வாங்குவேன்.

“தம்பி, போன மாசம் ஒரு வைத்தியப் புத்தகம் எடுத்துட்டுப் போனியே, அது கையில இருக்கா?”

“கையிலதான்கா இருக்கு. சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்கேன்.”

“சுத்தம்னா? தூசி தட்டுறியா?”

“இல்லக்கா. உள்ளுக்குள்ள எவனோ பென்சில்ல கிறுக்கி வச்சிருக்கான். பூசையில வைக்கணும்ல. அதான் அழிச்சிக்கிட்டு…”

“அலமாக்! நிறுத்துடா!”

ஸ்டெல்லா அக்கா என்னை ‘டா’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

“எத்தனை பக்கம் அழிச்ச?”

குனிந்து பார்த்தேன். “எழுபத்தாறு.”

“கிறுக்கினது எவனும் இல்ல தம்பி. ஒரு மருத்துவச்சி. தோட்டத்துல பிரசவம் பார்த்த அம்மா. அவங்க கையில பொறந்த புள்ளைங்களைப் பத்தி ஒவ்வொண்ணா எழுதி வச்சிருக்காங்க. இப்ப என் கடையில மீனான்னு ஒரு அக்கா ஒக்காந்திருக்காங்க. லோங்காங்ல கெடந்த புள்ளைன்னு சொல்லிச் சொல்லியே இவங்களை வளர விட்டிருக்கானுங்க. நெசமாவே சாக்கடையில தூக்கிப் போட்டாங்களா, இல்ல கையில குடுத்தாங்களான்னு தெரியணுமாம். அது அந்தப் புத்தகத்துல இருக்காம்.”

கொஞ்சம் நிறுத்தி, “இருந்துச்சாம்,” என்றார்.

குக்கர் விசிலடித்தது. நான் அழிப்பானைக் கீழே வைத்தேன்.

பென்சில் என்றால் பாவம்

பிள்ளைகளே, நான் ஏன் அழித்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கித்தா மரம் வெட்டிப் பால் எடுத்தவர். ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் கிறுக்கினால் முதுகு பழுத்துவிடும். ஒரு தடவை நான் பாடப் புத்தகத்தில் இருந்த ஒரு ராஜாவுக்கு மீசை வரைந்தேன். அப்பா ராஜாவை ஒன்றும் செய்யவில்லை. என்னைத்தான் வெளுத்தார்.

அதனால் சரஸ்வதி பூசை வந்தால் எனக்கு ஒரு வேலை உண்டு. அலமாரியில் இருக்கும் பழைய புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்கி, பூச்சியைத் தட்டி, பென்சில் எழுத்து இருந்தால் அழித்து, அட்டையில் சந்தனம் வைத்து, அம்பாளின் முன் அடுக்குவேன். பதினைந்து வருடமாக இப்படித்தான் செய்தேன். எத்தனை பேர் எழுதியதை அழித்திருப்பேன் என்று இப்போது கணக்குகூடப் போட முடியவில்லை.

நான் படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரை. பாசிர் கூடாங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறேன். பழைய புத்தகம் சேர்ப்பவர்கள் என்றால் பெரிய படிப்பாளிகள், மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. ஆசை இருந்தால் போதும். கொஞ்சம் தும்மலையும் தாங்க வேண்டும்.

குளுவாங் கடை

இந்த ஆசை எனக்கு வந்ததே மழையால்தான்.

செல்வியின் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குக் குளுவாங் போயிருந்தோம். திரும்பும்போது ரயில் நிலையத்துப் பக்கம் பெருமழை பிடித்துக்கொண்டது. ஒரு பழைய கடை வீட்டின் வாசலில் ஒதுங்கினேன். உள்ளே தாளும் அட்டையும் மலைபோல் கிடந்தன. பழைய பேப்பர்க்காரன் கடை என்று நினைத்தேன். பாதி சரிதான். ஸ்டெல்லா அக்காவின் அப்பா பழைய பேப்பர் வாங்கி விற்றவர். மகள்தான் அதிலிருந்து புத்தகங்களைப் பொறுக்கி மாடியில் அடுக்கத் தொடங்கினார்.

மரப்படி ஏறினால் ஒரு வாசனை வரும். அதை எப்படி உங்களுக்குச் சொல்வது? வறுத்த காப்பிக்கொட்டையோடு கொஞ்சம் ஈர மண்ணைக் கலந்தது போல. அதோடு ஸ்டெல்லா அக்கா அலமாரிதோறும் போட்டு வைத்திருக்கும் கிராம்பு. கிராம்பு இருந்தால் பூச்சி வராது என்பார். பூச்சியும் வரும். கிராம்பு மணக்கிற பூச்சியாக வரும்.

“வாங்குறதுன்னா தொடு. மழைக்கு ஒதுங்கினதுன்னா அந்த நாற்காலியில ஒக்காரு,” என்றார் அன்று.

நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம். சிங்கப்பூரில் அச்சானது. கப்பலில் வந்து இறங்குபவர்களுக்கு ஊரைப் பற்றிச் சொல்லும் புத்தகம். எங்கே சோறு கிடைக்கும், யாரிடம் ஏமாறக்கூடாது என்றெல்லாம் அச்சடித்திருந்தார்கள். என் தாத்தாவும் அப்படி ஒரு கப்பலில்தான் வந்தார். யாரிடம் ஏமாறக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மழை விட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. கீழே காடியில் காத்திருந்த செல்வி நாலு தடவை ஹாரன் அடித்தாள்.

அன்றிலிருந்து இது தொற்றிக்கொண்டது. பழைய புத்தகத்தை எப்படிப் பார்ப்பது என்று பார்த்துப் பார்த்தே பழகினேன். முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பு. அது இருந்தால்தான் மற்றதைப் பார். பக்கங்களை எண்ணு. தையல் நூலைப் பார். தாளைக் காதருகே வைத்து மெல்ல அசை. சருகுபோல் சத்தம் வந்தால் உடையப் போகிறது என்று அர்த்தம்.

தப்பும் நிறையச் செய்தேன். ஒருமுறை மெர்சிங்கில், படகுத்துறை பக்கத்து வீடு ஒன்றில் ஒரு பெட்டிப் புத்தகம் கிடைத்தது. கடல் காற்றில் எல்லாம் நமுத்துப் போயிருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து நல்ல வெயிலில் காயப்போட்டேன். மாலையில் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் அப்பளம்போல் வளைந்து நிற்கிறது. செல்வி வந்து பார்த்துவிட்டு, “பொரிச்சுடவா?” என்று கேட்டாள்.

ஸ்டெல்லா அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகம் எந்த வீட்டிலிருந்து வந்தது, யார் கைக்குப் போனது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைப்பார். “கல்யாணம் பண்ணிக் குடுத்தா எந்த வீட்டுக்குப் போச்சுன்னு தெரிய வேணாமா?” என்பார். நான் சிரிப்பேன். அந்த நோட்டு இல்லையென்றால் மீனா அக்கா தேடிய புத்தகம் என் வீட்டில்தான் இருக்கிறது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

தாளைப் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை

அந்த வைத்தியப் புத்தகம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. மதராஸில் அச்சானது. தாள் தடிப்பாக, துணி மாதிரி மென்மையாக இருக்கும். பிரசவத்துக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் மருந்து சொல்லும் புத்தகம். குளுவாங்கில் வீட்டைக் காலி செய்த ஒருவர், தன் பாட்டியின் பெட்டியோடு கொண்டுவந்து போட்டாராம். அந்தப் பாட்டிதான் தோட்டத்து மருத்துவச்சி.

வாங்கிய அன்றே பென்சில் எழுத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பொடிப்பொடியாக, புள்ளி வைக்காமல், ஒன்றோடொன்று இழுத்து எழுதியிருந்தது. மழை, வெள்ளி, பால் என்று அங்கங்கே ஒரு சொல் பிடிபட்டது. மருந்துக் குறிப்பு என்று நினைத்துக்கொண்டேன். அச்சடித்த வருடத்தைப் பார்த்தேன். அச்சகத்தின் பெயரைப் பார்த்தேன். பூச்சி ஓட்டையை எண்ணினேன். ஓரத்தில் இருந்ததை ஒரு வரிகூட முழுதாகப் படிக்கவில்லை. இதில் எனக்குச் சாக்கு ஒன்றும் கிடையாது.

ஸ்டெல்லா அக்கா கைபேசியை வைத்ததும், நான் இன்னும் அழிக்காத பக்கங்களைப் பார்க்க உட்கார்ந்தேன். செல்வி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“என்னங்க, மூஞ்சி இப்படி இருக்கு? யாருக்கு என்ன?”

சொன்னேன். அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இருவரும் எழுத்துக் கூட்டிப் படித்தோம்.

“சனி. பழைய லயம் காளியம்மா. ஆண். தலை பெரிசு. சுகம்.”

“புதன், மாசி. ராக்கம்மா. இரட்டை. ஒன்று தங்கவில்லை.”

“ஞாயிறு. தண்டல்காரன் பெஞ்சாதி. பெண். கொடி சுற்றி வந்தது. நல்ல அழுகை.”

செல்வி என்னைப் பார்த்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை. இது போல எழுபத்தாறு பக்கம் மேசைமேல் துகளாகக் கிடந்தது.

எழுத்து தொண்ணூற்றெட்டாம் பக்கத்தோடு நின்றுவிட்டது. அதுவரை தேடியும் மீனா அக்காவைப் பற்றி ஒன்றும் இல்லை. அவரை வளர்த்த அம்மாவின் பெயர் வீரம்மா என்று ஸ்டெல்லா அக்கா சொல்லியிருந்தார். வீரம்மா என்ற பெயரே மீதிப் பக்கங்களில் இல்லை. அப்படியென்றால் நான் அழித்ததில்தான் இருந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளே, ஒரு விஷயத்தை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். மதியம் சாப்பிடும்போது செல்வியிடம் கேட்டேன்.

“அந்தப் புத்தகத்துல அவங்களைப் பத்தி ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா என்ன? அவங்களுக்கும் வருத்தம் இல்ல, நமக்கும்…”

“சொல்லுங்க,” என்றாள். எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். “சொல்லிட்டு, புதன்கிழமை அதே புத்தகத்தைச் சாமி முன்னால வச்சுக் கும்பிடுங்க.”

தட்டைத் தள்ளி வைத்தேன். நாளைக் காலையில் வருகிறோம் என்று ஸ்டெல்லா அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்.

பூக்காரம்மா

ஞாயிறு காலை காடியில் கிளம்பினோம். புத்தகத்தைத் துண்டில் சுற்றிச் செல்வி மடியில் வைத்திருந்தாள். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. வழக்கமாக நான் பாட்டுப் போடுவேன். அன்று போடவில்லை.

கடை மாடியில் ஸ்டெல்லா அக்காவுக்கு எதிரே ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டியிருக்கும். நரைத்த கொண்டையில் மல்லிகைச் சரம், நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. முகம் மட்டும் அப்படியே சீன முகம். நான் விழித்ததை அவர் பார்த்துவிட்டார்.

“என்ன தம்பி முழிக்கிறீங்க? மூஞ்சி சீனம், நாக்கு தமிழு. நாப்பது வருசமா பாசார்ல பூ விக்கிறேன். இன்னும் புதுசா வர்றவங்க, ‘அமோய்’னு சீனப் பொண்ணைக் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டு, ‘முழம் எவ்வளவு’ன்னு மலாய்லதான் கேக்குறாங்க. நானும் மலாய்லயே வெலை சொல்லி ஒரு வெள்ளி கூட வாங்கிக்குவேன்.”

உங்களில் பலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். முன்பெல்லாம் நம் நாட்டில் நிறையச் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்தார்கள். வறுமை, நிறையப் பெண்கள், ஜாதகம் சரியில்லை என்று பல காரணம். பிள்ளை இல்லாத தோட்டத்து அம்மாக்கள் ஆசையாக வாங்கி வளர்த்தார்கள். மீனா அக்கா அப்படி ஒருவர். அவருடைய வீரம்மா அவருக்குப் பத்து வயதாகும்போதே இறந்துவிட்டார். எப்படிக் கிடைத்தாய் என்று சொல்ல ஆளில்லை. சொன்னவர்களெல்லாம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள்தான். கோலி விளையாட்டில் தோற்றால் உடனே, “லோங்காங்ல கெடந்தவதானே நீ!” என்பார்களாம்.

“அம்பத்தஞ்சு வருசம் ஆச்சு தம்பி, இன்னும் சாக்கடையைத் தாண்டும்போது ஒரு நிமிசம் குனிஞ்சு பார்ப்பேன். எதுக்குன்னு எனக்கே தெரியாது,” என்று சிரித்தார்.

போன வாரம் மருத்துவச்சியின் பேரன் அவர் கடைக்குப் பூ வாங்க வந்திருக்கிறார். பேச்சோடு பேச்சாக, “எங்க பாட்டி ஒரு புத்தகத்து ஓரத்துல பொறந்த புள்ளைங்களை எல்லாம் எழுதி வச்சிருந்துச்சு, உங்களைப் பத்தி எழுதினதையும் எனக்குக் காட்டியிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு நினைவில்லை. புத்தகத்தைப் போட்ட கடை மட்டும் நினைவிருந்தது.

நான் துண்டைப் பிரித்தேன்.

“அக்கா, மன்னிச்சுடுங்க. மீதிப் பக்கத்துல காளியம்மா மவனுக்குத் தலை பெரிசுன்னு எல்லாம் இருக்கு. உங்களைப் பத்தி எழுதினதுதான் நான் அழிச்ச பக்கத்துல போயிடுச்சு. வேணும்னு செய்யல. பூசைக்கு வைக்கிற புத்தகம் சுத்தமா இருக்கணும்னு…”

அவர் புத்தகத்தை வாங்கி ஒரு பக்கத்தைத் திருப்பினார். இன்னொரு பக்கம். ஓரங்கள் எல்லாம் வெள்ளையாக, பளிச்சென்று இருந்தன.

“எதை வச்சு அழிச்சீங்க?”

“அழிப்பான்தான்கா.”

“நல்ல அழிப்பானா?”

“ஆமாக்கா. பெரிய கடையில வாங்கினது.”

“மலிவா ஒண்ணு வாங்கித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

ஸ்டெல்லா அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். மீனா அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே புத்தகத்தை மூடி, மூடிய அட்டையைத் தடவினார். “சரி விடுங்க. இத்தனை வருசம் தெரியாம இருந்ததுதானே,” என்றார். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

சாய்த்துப் பார்

செல்வி எழுந்து போய், “அக்கா, குடுங்க பார்ப்போம்,” என்று புத்தகத்தை வாங்கினாள். ஒரு பக்கத்தைத் திறந்து கண்ணுக்கு நேராகத் தட்டையாகப் பிடித்துச் சாய்த்தாள். மறுபடி சாய்த்தாள்.

“ஸ்டெல்லாக்கா, அந்த ஜன்னலைச் சாத்துங்க.”

செல்வி செனாயில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறாள். கையில் உறை போட்டுக்கொண்டு சர்க்கிட் போர்டைப் பார்ப்பதுதான் வேலை. கீறல் இருந்தால் ஒதுக்க வேண்டும். வீட்டில் அவள் அதைப் பற்றிப் பேசினால் நான் காதில் வாங்க மாட்டேன். என் புத்தகக் கதையை மட்டும் அவள் பதினைந்து வருடமாகக் கேட்டாள்.

“நேரா பார்த்தா கீறல் தெரியாதுங்க. லைட்டைப் படுக்கப் போட்டுப் பார்க்கணும். முதல் நாளே அதான் சொல்லிக் குடுப்பாங்க.”

கைபேசி விளக்கைப் போட்டு மேசையோடு மேசையாகப் படுக்க வைத்தாள். வெளிச்சம் தாளின்மேல் ஊர்ந்து போனது.

வெள்ளையாக இருந்த ஓரத்தில் எழுத்து எழுந்தது!

பென்சில் கறுப்பு போய்விட்டது. ஆனால் அந்த அம்மா அழுத்தி எழுதுபவர். தாளோ துணிபோல மென்மை. மழை பெய்த செம்மண் சாலையில் மோட்டார் போன தடம், சாயங்கால வெயிலில் தெரியுமே, அப்படி ஒவ்வொரு கோடும் பள்ளமாகத் தெரிந்தது.

“புனித அந்தோணியாரே!” என்றார் ஸ்டெல்லா அக்கா. ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தார்.

செல்வி விளக்கை நகர்த்துவாள். நான் எழுத்துக் கூட்டுவேன். ஸ்டெல்லா அக்கா எழுதுவார். மீனா அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வாயையே பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சில பக்கங்களில் ஒன்றுமே வரவில்லை. அவை நான் பாடுபட்டு, மூச்சுப் பிடித்துத் தேய்த்த பக்கங்கள். அந்த இடத்திலெல்லாம் செல்வி ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாற்பத்து மூன்றாம் பக்கம். “வெள்ளி. பெரிய மழை,” என்று படித்தேன். அடுத்து, “காய்கறித் தோட்டத்துச் சீனத்தி.”

நிறுத்திவிட்டேன். மீனா அக்கா எழுந்து வந்தார்.

“தள்ளுங்க தம்பி. நான் ஆறாம் வகுப்பு வரைக்கும் படிச்சவதான்.”

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே படித்தார். ஒவ்வொரு சொல்லாக. சத்தமாக.

“பெண். ஆறாவது. சுகம். இரண்டு நாள் தானே பால் கொடுத்தாள். மூன்றாம் நாள் குடையோடு நடந்து வந்து வீரம்மா கையில் கொடுத்தாள். துணி இரண்டு. பால் டின் ஒன்று. நான் கூட இருந்தேன்.”

கீழே தெருவில் ஒரு மோட்டார் போனது.

“இங்க பேரு இருக்கு,” என்றாள் செல்வி. “ஆ… அப்புறம் தெரியல.”

சீனத்தி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘ஆ’ என்ற ஓர் எழுத்து இருந்தது. அதற்கு மேல் இல்லை. அங்கே நான் தேய்த்த தேய்ப்பில் தாளே மெலிந்து ஓட்டையாகியிருந்தது. எப்படிச் சாய்த்தாலும் ஓட்டையில் வெளிச்சம்தான் வந்தது. மீனா அக்காவைப் பெற்ற அம்மாவின் பெயர் என் கையால் போனது. அது திரும்ப வராது. இதை எழுதும்போதும் எனக்கு அந்த ஓட்டை கண்ணில் நிற்கிறது.

“இந்தப் புத்தகத்தை நீங்களே வச்சுக்குங்கக்கா,” என்றேன். கொடுக்க மனம் வந்ததா என்று கேட்டால், வந்தது. என் அலமாரியில் அதைவிடப் பழையது வேறு இல்லை. இருந்தாலும் வந்தது.

மீனா அக்கா வேண்டாமென்று தலையாட்டினார். “எனக்கு எதுக்கு? என்னைப் பத்தி எழுதினதை மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, போதும். மத்ததெல்லாம் மத்தவங்களோடது. காளியம்மா மவனுக்குத் தலை பெருசுன்னு நான் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்? நீங்கதானே அழிச்சீங்க. நீங்களே ஒக்காந்து படிச்சு எழுதுங்க. எழுதி ஸ்டெல்லா கடையில வைங்க. தேடுறவங்க வருவாங்க.”

அவர் சொன்னபடியே செய்து வருகிறோம். ஞாயிறுதோறும் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நானும் செல்வியும் உட்காருகிறோம். பாதி முடித்துவிட்டோம். ஓர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் தன் பிறந்த கிழமையைத் தெரிந்துகொண்டு போயிருக்கிறார். இன்னொரு அம்மாவுக்குத் தன்னோடு ஒரு தம்பியும் பிறந்திருந்தான் என்பது தெரிந்தது. வெகுநேரம் அழுதார். பிறகு அவனுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று எங்களிடமே கேட்டார்.

அந்த ஞாயிறுக்குத் திரும்புகிறேன். ஸ்டெல்லா அக்கா தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். மீனா அக்கா அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். படி இறங்கினோம். நான் காடிக் கதவைத் திறந்தபோது அவர் கடை வாசல் தூணில் சாய்ந்துகொண்டு கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் என்று ஸ்டெல்லா அக்கா மெல்லச் சொன்னார்.

“ஐயா, வேலையில இருக்கியா? ஒரே ஒரு நிமிசம்பா… தூக்கிப் போடலையாம்டா. குடுத்திருக்காங்க. ஆமா, கையில. மழையில கொடை புடிச்சிக்கிட்டு வந்து… இல்ல, நான் எங்க அழுதேன்? கடைத்தெருவுல நின்னு எவளாச்சும் அழுவாளா?… கேளு, குடுக்கிறதுக்கு முன்னால பால் குடுத்திருக்காங்கடா. அவங்களே. ரெண்டு நாளு.”

மகனுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது.

“ரெண்டு நாளுடா,” என்றார் மறுபடியும். கைபேசியில் பேசுகிறோம், அவனுக்குத் தெரியாது என்பதையே மறந்து, இரண்டு விரலை உயரத் தூக்கிக் காட்டினார்.